வெரோனிக்கா அக்காவின் நீலப்படம்

ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்துத் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனத்துக்கு வெரோனிக்கா அக்காவைத் தெரியாமல் இருக்க வழியில்லை. பாட்டுக்குழுவில் எத்தனை பேர் நின்றாலும் கேட்பது ஒரு குரல்தான். பிறந்த ஊரான பேசாலையின் கடற்கரையில் காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகிய தொண்டை அது; கோயிலுக்குள் வந்துவிட்டோம் என்பதற்காக அடங்காது. பாட்டுக்குழுத் தலைவர் டெனிஸ்டன் ஒவ்வொரு பூசைக்கும் அவரை மைக்கிலிருந்து நன்றாகப் பின்தள்ளி நிறுத்துவார். பாட்டு முடிகிறபோது அக்கா மைக்குக்கு முன்னால் நிற்பார். நடுவில் எப்போது நகர்ந்தார் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. உருவமும் குரலுக்கு ஏற்றதுதான். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு அவித்தாலும் மாடிப்படி துடைத்தாலும் வாய் பாடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கிற ஒரே ஆள் என்பதால் அக்காவுக்கு அங்கே நல்ல செல்வாக்கு.

ஆனால் அக்கா உயிரை வைத்திருந்தது வேறொரு பாட்டில். ஒவ்வொரு ஆவணியும் கெவலார் மாதா கோயிலுக்கு ஜெர்மனி முழுவதிலுமிருந்து தமிழர் வருவார்கள். சைவக்காரரும் குறைவில்லாமல் வருவார்கள். அந்தப் பூசையில் இறந்தவர்களுக்காக மன்றாடும்போது ஒருவர் தனியே பாட வேண்டும். பல வருடங்களாக அது வெரோனிக்காதான். அதை அவர் தன் தம்பி ஜோன்சனுக்காகப் பாடுகிறார் என்பது கணவர் அல்பேர்ட்டுக்கு மட்டும் தெரியும். ஜோன்சன் தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குத் தப்பிப் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியவன். போய்ச் சேரவில்லை. உடல் கிடைக்காததால் செத்தவீடு நடக்கவில்லை. "வருவான்" என்று தாய் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்ததால் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவும் இல்லை. கெவலாரில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் தம்பிக்கு அவர் வைத்த செத்தவீடு.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, இலை உதிர்கிற காலம். இல்லத்தில் இருந்த தாயைப் பார்க்க வந்த ஹோல்கர் என்ற மனிதர் மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டார். மேலே அக்கா துடைப்பத்தோடு பாடிக்கொண்டிருந்தார். ஹோல்கர் படம் எடுக்கிறவர். சவப்பெட்டிக் கடைக்காரர் ஒருவர், வியாபாரம் படுத்துப்போக, தன் வேலையாட்களைச் சேர்த்துப் பாட்டுக்குழு தொடங்குகிறார். கறுப்பு அமெரிக்கர்கள் பாடிய புளூஸும் சோலும் பாடி ஊரைக் கலக்குகிறார்கள். இதுதான் கதை. சிரிப்புப் படம். சவக்காலையில், அதாவது இடுகாட்டில், இருக்கிற கோயிலைத் துடைக்கிற பெண்ணாக வந்து, கடைசியில் எல்லாரையும் விட நன்றாகப் பாட ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆள் துடைப்பத்தோடேயே கிடைத்துவிட்டார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் தொலைபேசி எடுத்தது யோகத்துக்கு. ரயில் நிலையத்தடியில் தமிழ்க் கடை வைத்திருக்கிற யோகத்துக்கு ஒரு செய்தி சொன்னால் பிறகு வேறு ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை.

"யோகம், என்னை ஒரு புளூஸ் படத்தில நடிக்கக் கேட்டிருக்கிறாங்கள்!"

அந்த நேரம் பார்த்து யோகத்தின் கணவர் பரராசசிங்கம் ஓர் ஆட்டுத்தொடையை எலும்பு வெட்டுகிற மெஷினில் கொடுத்தார். அது போட்ட கிரீச்சில் எலும்போடு சேர்ந்து அக்கா சொன்ன 'ஸ்'ஸும் அறுந்து விழுந்தது. யோகத்தின் காதுக்கு வந்து சேர்ந்தது "புளூ படம்" மட்டும்தான்.

"என்ன படம், அக்கா?"

"புளூஸ், புளூஸ்!" மெஷின் மறுபடியும் கிரீச்சிட்டது.

யோகம் குரலைத் தாழ்த்தினார். "அல்பேர்ட் அண்ணைக்குத் தெரியுமோ?"

"அவருக்கு நல்ல சந்தோசம். சனிக்கிழமை தானே கொண்டுபோய் விடுறாராம்."

"உடுப்பு...?"

"உடுப்பொண்டும் கொண்டுவரத் தேவையில்லையாம்."

"வேற ஆரார் நடிக்கினம்?"

"நாலு ஆம்பிளையள். நாலும் வெள்ளையள். நான் ஒருத்திதான் பொம்பிளை. இந்த வயசில என்னால ஏலுமோ எண்டுதான் பயமாக் கிடக்கு. ஆனா அந்தாள் சொல்லுது, இதுக்கு வயசுதான் வேணுமாம், இளசுகளிட்ட இந்தக் கனம் இல்லையாம்."

யோகம் பக்கத்திலிருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்தார்.

நியாயம் பேசவேண்டுமென்றால், யோகம் இதை ரகசியமாகத்தான் வைத்திருந்தார். கடைக்கு வந்தவர்களில் ஒருவரிடம்கூட "இதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று சொல்லாமல் விட்டதில்லை. கிறிஸ்துமஸ் வருவதற்குள் பக்கத்து நகரமான எசன் வரை தெரிந்துவிட்டது. இதில் பெரிய வேடிக்கை, யாரும் அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்று சொல்லலாம்? நம் சனம் நாலு பேரிடம் விசாரிக்கும், ஐந்தாவதாகச் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் விசாரிக்காது. அதற்குப் பெயர் நாகரிகம். அல்பேர்ட்டைக் கண்ட சிலர் தோளைத் தட்டி ஆறுதலாகப் பார்த்தார்கள். வேறு சிலர் ஒரு புது மரியாதையோடு கை கொடுத்தார்கள். அவர் இரண்டுக்கும் சிரித்து வைத்தார்.

இது ஒன்றும் தெரியாமல் அக்கா பாடப் போனார். பக்கத்தில் மொழிபெயர்க்க மகள் அஞ்சலா. கறுப்புக் கோட்டுப் போட்ட நாலு ஜெர்மன்காரர் பின்னால் வாசிக்க, அக்கா ஆங்கிலப் பாட்டொன்றைப் பாடினார். சொல் ஒன்றும் விளங்காததால் பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்புவிக்கிற மாதிரித்தான் வந்தது. ஹோல்கர் தலையைச் சொறிந்து, இன்னும் சோல் வேண்டும் என்றார்.

"என்னவாம்?"

"சோல் எண்டா ஆத்துமம், அம்மா. ஆத்துமம் காணாதாம்."

ஆத்துமம் என்றால் கத்தோலிக்கருக்கு ஒரே ஒரு சங்கதிதான் நினைவுக்கு வரும். உத்தரிக்கிற தலத்து ஆத்துமாக்கள், மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் யாராவது மன்றாடும்வரை காத்துக்கிடக்கிறவர்கள். சவக்காலைப் படமென்பதால் அதைத்தான் கேட்கிறார்கள் என்று அக்கா முடிவு கட்டினார். கண்ணை மூடினார். ஜோன்சன் வந்து நின்றான். ஆங்கிலம் பறந்துவிட்டது.

"என்ரை சைக்கிளைக் கேளாமல் எடுத்துக்கொண்டு போனியே, தம்பி! காத்துப்போன டயருக்கு நானெல்லோ ஒட்டுப்போட்டனான்! கரையில பூட்டாமல் சாத்திப்போட்டுப் போனியே! சைக்கிளையும் ஆரோ கொண்டுபோயிட்டான்! எங்கையடா போனாய்?"

திட்டும் அழுகையும் ஒன்றாகவே வந்தன. உண்மையில் அந்தச் சைக்கிள் விஷயத்தில் அக்காவுக்கு இன்றைக்கும் கோபம்தான். அந்தக் கோபம் இருக்கிறவரை தம்பி முழுதாகப் போய்விடவில்லை என்றும் ஒரு நினைப்பு. பின்னால் நின்றவர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. ஹோல்கர் அழுதார். இதுதான் வேண்டும் என்றார். நாலு கோட்டுக்காரருக்கும் "எங்கையடா போனாய்" சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு அடி முடிவிலும் அவர்கள் கேட்க வேண்டும். அவர்களுடைய நாக்கில் அது "எங்காட்டா பொன்னாய்" என்றுதான் புரண்டது. அஞ்சலா மூன்று தரம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அடுத்த வசந்த காலத்தில் கெவலாருக்குப் பாட்டுப் பிரிக்கிற கூட்டம் நடந்தது. டெனிஸ்டன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேளத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, இந்தமுறை அந்தத் தனிப்பாட்டை இளம் ஆக்களுக்குக் குடுப்பமெண்டு யோசிக்கிறம்."

"என்னத்துக்கு? எனக்குத் தொண்டை கட்டிப்போச்சோ?"

"அப்பிடியில்லை. மாதா கோயில் எல்லே... சனம் பலதும் கதைக்கும்."

என்ன கதைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். தம்பிக்கு இருந்த ஒரே இடமும் போய்விட்டது, எதற்கென்றும் தெரியவில்லை. அன்று பின்னேரம் அஞ்சலா வந்தாள், கண்ணில் தண்ணீர் வழிய. அது சிரித்ததால் வந்த தண்ணீர்.

"அம்மா, நீங்கள் புளூ பிலிமில நடிச்சனீங்களாம்! டுசல்டோர்ஃப் முழுக்க ஒரே கதை!"

அக்கா முதலில் சப்பாத்தைத் தேடினார். யோகத்தின் கடைக்குப் போய் ஒரு கை பார்க்கிற உத்தேசம். சப்பாத்துப் போடுகிறபோது வாசல் கண்ணாடியில் தன்னை முழுதாகப் பார்த்தார். முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசிய காலும், உருளைக்கிழங்கு சீவிய கையும், மூன்று மடிப்பு வயிறும். இதைப் பார்க்கக் காசு கொடுத்து ஆள் வரும் என்று இந்த ஊர் நம்பியிருக்கிறதே! அக்கா சிரிக்கத் தொடங்கினார். அல்பேர்ட் ஓடிவந்து பார்த்தார்.

"ஏனப்பா, உமக்கு இது தெரியாதோ?"

"ஆரும் என்னட்டைக் கேக்கேல்லை," என்றார் அல்பேர்ட்.

"சரி. நானும் ஒண்டும் சொல்லப் போறேல்லை. இல்லையெண்டு சொன்னால் நம்பமாட்டாங்கள். பேசாமல் இருந்தால் வருவாங்கள்."

ஆனி மாதம் படம் வெளிவந்தது, ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்துச் சின்னத் தியேட்டரில். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட படம் போடுகிற கொட்டகைகள்தான் அதிகம்; வதந்திக்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் கிடைக்காது. அக்கா யோகத்தின் கடைக்குப் போய் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை என்ரை படம் போடுறாங்கள், ஸ்டேசனுக்குப் பின்னால. உங்களை வாங்கோ எண்டு நான் கூப்பிடேல்லை, பிறகு பாவம் என்னில. விருப்பமான ஆக்கள் வரட்டும்."

வெள்ளிக்கிழமை அக்காவும் அல்பேர்ட்டும் அஞ்சலாவும் நேரத்துக்கே போய்க் கடைசி வரிசை இருட்டில் உட்கார்ந்தார்கள். முதலில் வந்தவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். அடுத்தவர் கோடைகாலத்தில் கழுத்துச் சால்வை சுற்றியிருந்தார். ஆட்டிறைச்சி எடுக்கப் போகிறேன் என்று யோகத்திடம் சொல்லிவிட்டு வந்த பரராசசிங்கம், பக்கத்தில் யார் என்று பார்க்காமல் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் டெனிஸ்டன், சினிமாக் கொட்டகைக்குள் கறுப்புக் கண்ணாடியோடு. இரண்டு வரிசை நிறைய நம் ஆம்பிளையள், ஒருவரையொருவர் தெரியாத மாதிரி.

படம் தொடங்கியது. சவப்பெட்டி வந்தது. பாட்டு வந்தது. ஜெர்மன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம்மவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் அக்கா திரையில் வந்தார், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய கறுப்பு உடுப்பில், கையில் துடைப்பத்தோடு. இரண்டு வரிசையிலும் மூச்சு நின்றது. அக்கா வாயைத் திறந்தார். சைக்கிளைக் கேட்டார். தம்பியைக் கேட்டார். கோட்டுக்காரர் நாலு பேரும் "எங்காட்டா பொன்னாய்" என்று கேட்டார்கள்.

திரையில் மொழிபெயர்ப்பு எழுத்துப் போடவில்லை. ஜெர்மன்காரர் காலால் தாளம் தட்டினார்கள். அந்த இரண்டு வரிசைக்கு மட்டும்தான் அது என்னவென்று விளங்கியது. அங்கே இருந்தவர்களில் கடலிலோ காட்டிலோ ஒருவரையாவது விட்டுவிட்டு வராத ஆள் இல்லை. தொப்பிகள் கழன்றன. சால்வை கண்ணைத் துடைக்கப் பயன்பட்டது. டெனிஸ்டன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அது இப்போதுதான் உண்மையில் தேவைப்பட்டது.

விளக்குப் போட்டதும் அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அந்த உருவத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி கிடையாது.

"வந்ததுக்கு நன்றி, தம்பிமார். எல்லாம் வடிவாத் தெரிஞ்சுதோ?"

டெனிஸ்டன்தான் மெதுவாகக் கிட்ட வந்தார்.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கெவலாரில நீங்கள்தான் பாடவேணும்."

"பாடுறன். ஆனா இந்தப் பாட்டுத்தான்."

"சைக்கிள் பாட்டோ? மாதா கோயிலிலயோ?"

"மாதாவும் பிள்ளையைப் பறிகுடுத்த மனிசிதானே, அவவுக்கு விளங்கும். உமக்கு ஏலாதெண்டால் சொல்லும். நீர் இண்டைக்கு எங்க இருந்தனீரெண்டு உம்மட வீட்டில நான் ஒருக்கா விசாரிக்கிறன்."

தாராளமாக ஏலும் என்று டெனிஸ்டன் உடனேயே சொல்லிவிட்டார்.

ஆவணியில் கெவலார் நிறைந்திருந்தது. பட்டுச் சேலையும் மல்லிகை மாலையும் அழுகிற பிள்ளைகளுமாய்க் கோயில் பிதுங்கியது. வெளியே வேட்டியோடு நின்றவர்களுக்கும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். இறந்தவர்களுக்காக மன்றாடுகிற நேரம் வந்தது. இந்த முறை அக்காவை யாரும் மைக்கிலிருந்து பின்தள்ளவில்லை. அவர் கண்ணை மூடிச் சைக்கிளில் தொடங்கினார். சனம் திகைத்தது. முதல் அடி முடிந்ததும், படத்தில் பாடிய பழக்கத்தில் கோட்டுக்காரருக்காக இடைவெளி விட்டார். இங்கே கோட்டுக்காரர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த இடைவெளிக்குள் பரராசசிங்கத்தின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"எங்காட்டா பொன்னாய்!"

தூணடியிலிருந்து இன்னொரு குரல். வாசலிலிருந்து நாலைந்து. கீபோர்டுக்குப் பின்னாலிருந்து டெனிஸ்டன். எல்லாம் அச்சுப் பிசகாத ஜெர்மன் உச்சரிப்பில், படத்தில் கேட்டபடியே.

கோயில் முழுவதும் பெண்களின் கழுத்துகள் திரும்பின. யோகம் கணவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்கள் ஆட்டிறைச்சி எடுக்கவெல்லோ போனனீங்கள்?"

பரராசசிங்கம் அழுதுகொண்டிருந்தார். எண்பத்தாறில் காணாமற்போன அவருடைய அண்ணனைப் பற்றி யோகத்துக்குத் தெரியும். சேலைத் தலைப்பை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடமும் தம்பியிடம் அந்தக் கேள்வியை அவர் ஒருத்தியாகவே கேட்டுக்கொண்டிருந்தார். உச்சரிப்பு எப்படியிருந்தால் என்ன, இன்றைக்கு ஒரு கோயிலே சேர்ந்து கேட்கிறது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த அடியை இன்னும் உரக்கப் பாடினார், முடிவில் இடம் விட்டார். இந்த முறை பெண்களும் கேட்டார்கள்.