வாசமில்லாத மாசியோடு சியால்தா வரை

1973 நவம்பர் 14, புதன்கிழமை, காலை 6.10. ஆள் இரண்டு, சாக்கு ஒன்று, சாக்கில் மாசித் துண்டு இருபத்துநான்கு. கல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிதர்பூரில் டிராம் ஏறினோம்.

மாசி என்றால் சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டையாகும் வரை வெயிலில் காயவைத்தது. செய்வது மாலத்தீவு, தின்பது இலங்கை. கொழும்பில் மாசி இடித்துப் போடாத சம்பல் துவையலே கிடையாதாம். பதிலுக்கு மாலத்தீவுக்காரர்களுக்கு அரிசி, துணி, மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாமே கொழும்புதான். இப்போது அந்நியச் செலாவணி இல்லை என்று இலங்கை வாங்குவதைச் சுருக்கிவிட்டது.

கூட வந்த அலி பாய் மாலத்தீவு மாலுமி. மனைவியும், தமிழ்ப் பள்ளியில் படிக்கும் ஒன்பது வயது மகள் ஆமினாவும் கொழும்பில். அவர் கப்பல் அங்கே போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மாசி கல்கத்தாவில் விலைபோனால் முதலாளி கப்பலை இந்த வழியில் விடுவார், போகும்போதும் வரும்போதும் கொழும்பில் நிற்கும். இல்லையென்றால் வளைகுடாப் பக்கம் திருப்பிவிடுவார்.

"மீன் தின்கிற ஊர் பாய், விற்காமல் எங்கே போகும்" என்று இந்த யோசனையைச் சொல்லித் தைரியம் கொடுத்தவன் நான். துறைமுகப் பட்டறையில் டீசல் இன்ஜினியர். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எஸ்பிளனேடு வரை இருபது பைசா. சாக்கில் மீன் என்றோம். கண்டக்டர் மோந்து பார்த்தார்.

"மீனா? விறகை மீன்னு சொல்றியே."

அலி பாய்க்கு ஒரே பெருமை. "அசல் மாசி மணக்காது தம்பி."

வேறு டிராம் மாறி, 7.35க்குச் சியால்தா கருவாட்டுச் சந்தை. கடைக்காரர்களில் பாதிப்பேர், கருவாட்டை அதன் வாசத்துக்காகவே தின்கிற கிழக்கு வங்கத்துக்காரர்கள். அலி பாய் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினார். கொழும்பில் சத்தம் கேட்டுத்தான் வாங்குவார்களாம். இங்கே கடைக்காரர் காதைக் கொடுக்கவில்லை, மூக்கைக் கொடுத்தார்.

"கந்தோ கோயி, தாதா?" வாசம் எங்கே அண்ணா என்கிறார்.

நான் விடவில்லை. ஈரப்பதம் குறைவு, பூச்சி அண்டாது, இரண்டு வருஷம் நிற்கும் என்று விளக்கினேன்.

"நிக்கும், தாதா. யாரும் வாங்கலேன்னா நிக்கத்தானே செய்யும்."

ஐந்து கடை ஏறி இறங்கினோம். பிறகு லோக்கல் ரயிலில் ஜாதவ்பூர், டாக்குரியாவுக்கு அடுத்த நிலையம். அங்கே அகதிகள் காலனிச் சந்தையில் கருவாடு விற்கும் அம்மாள் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா இதை வெட்டக் கோடாலி இல்லியே பாபா."

12.40க்கு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அலி பாய் டீயைத் தொடவில்லை.

"தம்பி, எனக்குத் தமிழ் பேச வரும், எழுதத் தெரியாது. ஆமினாவுக்கு ஒரு கடுதாசி போடுங்கோ. காத்து சரியில்ல, அதான் வாப்பா வரல்லெண்டு."

"டீசல் கப்பலுக்குக் காற்று எதற்கு பாய்?"

கேட்டிருக்கக் கூடாது. அலி பாய் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். "அது அவ உம்மாக்குத் தெரியும். சொல்ல மாட்டா."

சாக்கோடு போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்பே டிராம் ஏறிவிடுங்கள், எட்டுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். புதுச் சரக்கு என்றால் முதலில் ஒரு துண்டை மட்டும் கொண்டுபோய்க் கேளுங்கள். ஒருவருக்கு நம்பிக்கை கொடுப்பது அதற்குப் பிறகு.

இனி நான் செய்ய வேண்டியவை:

1. நாளைக் காலை முதலாளியின் ஏஜெண்டிடம் அலி பாயோடு போவது. யோசனை என்னுடையது, அவருடையதல்ல என்று சொல்வது.
2. தெரியாத சரக்கைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது.
3. கொழும்புக்குக் கடிதம். பழியைக் காற்றின் மேல்தான் போடப் போகிறேன். காற்று எப்போது திரும்பும் என்று ஆமினா பதில் எழுதிக் கேட்டால் என்ன சொல்வது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.