வெளுத்த பாரில் குடியிருக்கும் நண்டு

முந்தின நாள் மாலை இராமநாதபுரத்தில் பஸ் ஏறி, ஆறணா கொடுத்து, பத்து மைல் தள்ளிக் கீழக்கரையில் இறங்கினேன். மறுநாள் காலை ஆறேகாலுக்குக் கடற்கரையில் நின்றேன். சித்திரைக் கடைசி, காற்று பெயருக்குக்கூட இல்லை. அப்பாத் தீவுக்குப் போக வத்தைப் படகு கிடைக்குமா என்று கேட்டதற்குச் சீனி முகம்மது, "ஏறுங்கண்ணே. ஆனா பேச்சுத் துணைக்கு இன்னிக்கு நான் லாயக்கில்ல" என்றார். எனக்கோ பேசாமல் இருந்தால் தலைவலி வரும்.

சீனி மீன்கூடு போடுகிறவர். உடைமரக் குச்சியில் பின்னிய கூட்டை கடலடியில் பவளப் பூச்சி கட்டிய முருகைக்கல் பாரில் இறக்கிவைத்துப் பிழைப்பவர். கூட வந்தவன் அவர் மனைவியின் தம்பி ஜப்பார். சுண்ணாம்புக் காளவாய்க்குப் பாரை உடைத்துக் கல் ஏற்றும் தோணிகளுக்குப் பொறுப்பு. தீவோரத்துப் பார் வெளுத்துவிட்டதென்று அவன் முதலாளி காதுக்கு எட்டியிருந்தது. செத்த கல் என்றால் நாளைக்கே உடைக்க ஆள் போகும். பார்த்துவந்து சொல்ல வேண்டியவன் ஜப்பார். பார் போனால் மச்சானுக்குக் கூடு இறக்க இடமில்லை. இரண்டு பேரும் அதைப் பேசாமலே ஐந்து மைலும் துடுப்புப் போட்டார்கள்.

எட்டரைக்குப் பாரை அடைந்தோம். கடலில் கைவிட்டேன், குளிக்க விளாவி வைத்த வெந்நீர். அடியில் கிளைகிளையாக முருகைக்கல், பால்போல் வெள்ளை. என்ன அழகு என்று சொல்லிவிட்டேன். இருவரும் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"செத்துப்போச்சு மச்சான்" என்றான் ஜப்பார்.

"நெறத்தப் பாத்துச் சொல்லாதலே. உள்ள குடி இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்று சீனி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். உடைத்துப் பார்க்கக் கொண்டுவந்த கடப்பாரையை வத்தையிலேயே விட்டுவிட்டு ஜப்பாரும் பின்னால் இறங்கினான்.

கிளைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நகமளவு நண்டு குடியிருக்குமாம், ஓரிரு சிற்றிறாலும் துணைக்கு. அதற்கு வீடும் சோறும் அந்தக் கல்தான். கிட்டே எது வந்தாலும் கவ்வும். வெக்கையில் நிறம் போனாலும் கல்லில் உயிர் இருக்கும்வரை நண்டு கிடக்கும். கல் செத்தால் போய்விடும். முன்பொரு தடவை இப்படி வெளுத்து, ஆடிக் காற்றுக்குப் பிறகு பழுப்பு ஏறியதைத் தாம் கண்டதாகச் சொன்னார். எல்லாக் கல்லிலுமா என்று கேட்டேன்.

தென்னை ஈர்க்கு ஒன்றை முதல் கல்லின் கிளைக்குள் விட்டார். அசைவில்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதில் பாசி படர்ந்திருந்தது. ஈர்க்கோடு ஒரு நண்டு ஓடு மட்டும் வந்தது. ஜப்பார் மச்சான் முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பிக்கொண்டான். கூட்டைத் தூக்கினால் உள்ளே இரண்டே மீன்.

பாரின் தெற்கு விளிம்பில், மார்பளவு ஆழத்தில், ஈர்க்கு துடித்தது. சீனி அதை அப்படியே மைத்துனன் கையில் கொடுத்தார். ஜப்பார் சிறிது நேரம் பிடித்திருந்தான். பிறகு ஈர்க்கு ஓய்ந்தது.

"புடி தளந்திருக்கு. சீக்காளி மச்சான்."

"சீக்காளிதான். வீட்ட விட்டுப் போகலையில்ல?"

ஜப்பார் கடப்பாரையை நனைக்காமலே திரும்ப வத்தையில் ஏறினான். கரை தெரியும்போதுதான் வாய் திறந்தான்: "ஆடி வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிப் பாக்குறேன். மொதலாளி கேப்பாரான்னு தெரியல. அக்காட்ட இப்பச் சொல்லிறாதீக."

மூன்றாம் நாள் எங்கள் மதுரையில் கோடைமழை. தெருவே வாசலில் நின்று சந்தோஷப்பட்டது. நான் குடையோடு பஸ் நிலையத்துக்குப் போய், இராமநாதபுரத்திலிருந்து வந்த டிரைவரிடம் அந்தப் பக்கமும் மழையா என்று விசாரித்தேன்.

"ஒரு பொட்டு இல்லண்ணே" என்றார். "அனலா அடிக்குது."