தொட்டி வாயில் நிற்கக் கூடாத ஆள்

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. சாகாமல் போனதற்குக் காரணம், ஒரு மனிதர் வகுப்பு முடிந்த பிறகும் தன் போனை அணைக்க மறந்ததுதான்.

சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, ஆலை சூப்பர்வைசர்களுக்குத் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறாள் தேவகுமாரி. எல்லாம் ஆன்லைனில்தான். சேலத்தில் ஒரு ஆலையின் சேப்டி பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்தவள், மகள் பிறந்த பிறகு மலையேறி வந்துவிட்டாள். "மேல உக்காந்துட்டுக் கீழ இருக்கறவிங்களுக்குப் புத்தி சொல்றியா கண்ணு?" என்று பஸ்ஸில் பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

உள்ளுக்குள் எரிச்சல்தான். முப்பது பேர் இருப்பதாகத் திரை காட்டும், ஒரு முகமும் தெரியாது. அந்தப் பக்கம் கேட்கிறார்களா, தூங்குகிறார்களா என்பது மலைச்சாமி சேர்வராயனுக்கே வெளிச்சம். "புரிஞ்சுதுங்களா?" என்றால் "ஓகே மேடம்" வரிசையாக வந்து விழும். கடைசியில் பத்துக் கேள்வி. சரியான விடையைத் தொட்டால் சான்றிதழ். யாரையும் பெயிலாக்க வேண்டாம் என்று அவளை வேலைக்கு வைத்திருக்கிற பயிற்சிக் கம்பெனி சூசகமாகச் சொல்லியிருந்தது. அவளும் ஆக்கியதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை யாரிடமும் சொன்னதும் இல்லை.

அன்றைக்குப் பாடம் மூடிய தொட்டிகளைப் பற்றியது. காற்றோட்டமில்லாத தொட்டிக்குள் விஷவாயு நிற்கும், இறங்கியவன் மயங்குவான், அவனைத் தூக்கக் குதித்தவனும் மயங்குவான், சாவு எப்போதும் ஒன்றோடு நிற்காது என்று தொண்டை வறளச் சொன்னாள். முருகேசன் என்பவர் நாலே நிமிடத்தில் பத்துக்குப் பத்து வாங்கினார். அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேகோ பேக்டரியில், அதாவது மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலையில், சூப்பர்வைசர்.

எல்லோரும் போய்விட்டார்கள். முருகேசனின் பெயர் மட்டும் திரையிலேயே இருந்தது. அவர் யாரிடமோ பேசுவது தெளிவாகக் கேட்டது.

"கழிவுத் தண்ணித் தொட்டி அடைச்சுக்கிச்சு. ஆளுங்க எறங்கப் பயப்படறாங்க. நாளைக்குக் காத்தால நானே எறங்கறேன். எனக்கென்ன பயம்? மச்சான மேல நிக்க வெச்சுக்கறேன். ஒண்ணுன்னா அவன் உட்டுருவானா?"

"முருகேசன் சார்! சார்!" என்று தேவகுமாரி கத்தினாள். அவர் காதில் விழவில்லை. இணைப்பு அறுந்தது.

மச்சான் என்ற சொல்தான் அவளைப் பயமுறுத்தியது. மலையில் பாறைத் தேன் எடுக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் அண்ணன் தம்பிதான் பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவன் கயிற்றை விடுவான்? அவள் அப்பாவுக்கும் அவளுடைய தாய்மாமன்தான் கயிறு பிடித்தார். பாறைக்கு அது சரி. விஷவாயுத் தொட்டிக்கு அதே வழக்கம் எமனாக முடியும். விடாத பாசக்காரன்தான் யோசிக்காமல் குதிப்பான்.

ஏழு முறை கூப்பிட்டாள். முருகேசன் எடுக்கவில்லை. ஆலை நம்பரும் அடித்து ஓய்ந்தது. அனுப்பிய செய்திகளை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, வகுப்பில் காட்டுவதற்காகக் கம்பெனி கொடுத்திருந்த விஷவாயு அளக்கும் கையடக்கமான கேஸ் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் பிரேக்கை மிதிக்க மிதிக்க அவளுக்கு உயிர் போய் வந்தது. கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்ல வாய் வரை வந்தது. பாதுகாப்பு டீச்சர் அதைச் சொல்லலாமா என்று அடக்கிக்கொண்டாள்.

ஆலை வாசலில் வாட்ச்மேன் தடுத்தார். "சூப்பர்வைசரோட டீச்சருங்க" என்றாள். ஐம்பது வயதுக்காரருக்கு டீச்சரா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

தொட்டி மூடி திறந்திருந்தது. அரைக்கால் சட்டையோடு முருகேசன் இரும்பு ஏணியில் ஒரு காலை வைத்திருந்தார். மேலே அவருடைய மனைவியின் அண்ணன் அங்கப்பன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றார். கயிறு ஒன்றும் இல்லை.

"ஏறுங்க சார், மேல வாங்க!"

குரல் அடையாளம் தெரிந்து முருகேசன் விழித்தார். "மேடமுங்களா? நீங்க எங்க இங்க?"

அவருக்குப் பதில் சொல்லாமல் தேவகுமாரி அங்கப்பனிடம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, இவரு உள்ள மயங்கி உழுந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"என்னங்க கேள்வி இது? அடுத்த நொடி குதிச்சுருவேன்."

"கேட்டீங்களா மேடம்?" என்றார் முருகேசன், பெருமை தாங்காமல்.

"அதனாலதானுங்க அவரு இங்க நிக்கக் கூடாது. உங்கள மயக்குன காத்து அவர மட்டும் உட்டுருமுங்களா? ஒரே நாள்ல உங்க ஊட்டுக்காரம்மாவுக்குப் புருசனும் இல்ல, அண்ணனும் இல்ல."

அந்தப் பக்கம் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்த பெண்களின் கத்திகள் நின்றுவிட்டன. அவர்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். முருகேசனின் மனைவி காவேரி.

அங்கப்பனுக்கு ரோஷம் வந்தது. "நாத்தமே காணோம், என்ன பெருசா காத்து?" என்றார். தேவகுமாரி கிழங்கு மூட்டைக் கயிறு ஒன்றை எடுத்து, மீட்டரை அதில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். ஓராள் உயரம்கூடப் போகவில்லை, அது வீல் வீலென்று அலறத் தொடங்கியது. இழுத்து மேலே எடுத்த பிறகும் சிவப்பு விளக்கு அடங்காமல் மின்னியது.

முருகேசன் ஏணியிலிருந்து காலை எடுத்தார். "மூக்குக்கு ஒண்ணுந் தெரியலீங்களே."

"அதிகமானா மூக்கு செத்துருமுங்க. நேத்து முக்கா மணி நேரம் அதத்தான் சொன்னேன்."

"நேத்து நான் லோடு எறக்கிட்டு இருந்தனுங்க."

"பத்துக்குப் பத்து?"

அவர் தலையைச் சொறிந்தார். "எம் பொண்ணு போட்டுட்டுத்தான் போனக் கையில குடுத்தா."

யாரும் சிரிக்கவில்லை. காவேரி ஒரு கையால் புருஷனையும் இன்னொரு கையால் அண்ணனையும் பிடித்துத் தொட்டியை விட்டுத் தள்ளி இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பெரிய ஆம்பிளைகளும் இழுத்த இழுப்புக்குப் போனார்கள். முந்தின இரவு அண்ணனிடம், அவருக்குத் துணையாக நில்லு என்று சொல்லி அனுப்பியவளே அவள்தானாம்.

முதலாளிக்குப் போன் போயிற்று. கழிவு உறிஞ்சுகிற லாரி வந்தது. மேலிருந்தே குழாயை விட்டு, தண்ணீரைப் பீய்ச்சி, மத்தியானத்துக்குள் அடைப்பு எடுபட்டது. ஒரு மனிதனும் உள்ளே இறங்கவில்லை. அது வரைக்கும் விறைப்பாக நின்ற தேவகுமாரி கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். துக்கமே இல்லாத அழுகை, நெஞ்சில் இருந்த பாறை இறங்கிய அழுகை. காவேரி டீ கொண்டுவந்து கொடுத்து, டம்ளர் காலியாகும் வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அன்று வீடு திரும்பியதும் தேவகுமாரி முதல் வேலையாக முருகேசனைப் பெயிலாக்கினாள். கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டார்கள். நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள். அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை.

அடுத்த மாத வகுப்பில் முப்பது இருட்டுக் கட்டங்களுக்கு நடுவே ஒரு முகம் தெரிந்தது. முருகேசன் நெற்றியில் திருநீறோடு, கையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் டிக் அடிக்கச் சொல்லாமல் வாயாலேயே கேட்டாள்.

"தொட்டிக்கு வெளிய யாரக் காவல் நிறுத்துவீங்க சார்?"

"எங்க பெரியப்பன் மகன் மணியனுங்க. இதே பேக்டரிதான். வரப்புத் தகராறு கோர்ட்டு வரைக்கும் போயி, அவனும் நானும் பேசி ஒம்போது வருசமாச்சு. நொம்ப யோசிச்சுத்தான் புடிச்சேன். தலைகீழா நின்னாலும் அவன் எனக்காக உள்ள எறங்க மாட்டானுங்க."

"உள்ள எறங்காம இருந்தா மட்டும் போதாதுங்களே. சத்தம் போட்டு ஆளக் கூப்பிடோணும். செய்வாருங்களா?"

"செய்வானுங்க. நானே போயிக் கேட்டனுங்க. மொகத்தப் பாக்காம, 'நீ செத்துட்டா நான் கேஸ ஆரு மேல நடத்தறது?'ன்னான். அப்பறம் அவனே கயிறு வாங்கிட்டு வந்துட்டான்."

அதற்கு மேல் தேவகுமாரியால் கேள்வி கேட்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முழு மார்க் போட்டாள்.