தண்ணீர் ஊற்றவிடாத அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் போட நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி அவர் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். நல்லவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவருக்குத் தங்கையாகப் பிறந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கரங்கான் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்து, ரப்பர் நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டும் வேலை செய்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் இனிப்புத் திராட்சைக் கொடி ஒன்றை நட்டார். அதிலிருந்தே ஒரு கிளையை எடுத்து, பழம் வாயில் வைக்க முடியாத புளிப்புக் கொடியின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டி இன்னொன்றையும் வளர்த்தார். புளிப்புக் கொடியின் வேர்தான் ஆழமாக இறங்குமாம்.

ஜப்பான்காரர் வந்ததும் ரப்பர் வேலை நின்றது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தோம். அந்த நேரத்தில்தான் குருணில் அண்ணனுக்குப் பெண் பார்த்தோம். வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்க எல்லாரும் பயந்த காலம். பெண் வீட்டார் அவசரப்பட்டார்கள். அண்ணனோ, பரிசத் தட்டில் தன் திராட்சையை வைத்துத்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடம் பார்த்து மழை பொய்த்தது. கிணற்றில் அடி தெரிந்தது. இவர் ஒட்டுக் கொடிக்குத் தண்ணீரே காட்டவில்லை. போதாததற்கு இருந்த கிளைகளையும் நறுக்கித் தள்ளினார்.

"ஏண்டா, காயிறத வெட்டுறியே! வாழப்பழம் வச்சா பரிசம் ஆவாதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இப்ப தண்ணி ஊத்துனா எலதான் வரும்மா, பூ வராது. சும்மா இருங்க."

"அதுக்குள்ள பொண்ண வேற எடத்துல குடுத்துடுவாங்க, அண்ணே!" என்று நான் கத்தினேன். காதில் வாங்கினால்தானே!

அம்மா மனம் கேட்காமல் பாத்திரம் கழுவிய தண்ணீரை இனிப்புக் கொடிக்கு ஊற்றிவந்தார். மேலோட்டமான அதன் வேருக்கு அது போதவில்லை. பூ கருகி உதிர்ந்தது. ஒட்டுக் கொடியோ நறுக்கிய இடத்தில் துளிர்த்தது. அதன் பிறகுதான் அண்ணன் கொஞ்சம் தண்ணீர் காட்டினார். சின்னச் சின்னக் குலைகள், அதுவும் நாலைந்துதான். ஆனால் நல்ல இனிப்பு. தட்டை யாரிடமும் கொடுக்காமல் தாமே சுமந்து குருணுக்குப் போனார். பெண் அதுவரை கைவிட்டுப் போகாதது எங்கள் நல்ல நேரம். "கொடிதான் எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சுச்சு" என்று வாழ்நாளெல்லாம் சொல்லி எங்கள் உயிரை எடுத்தார்.

பிற்பாடு குடிபோன பாக்கார் ஆராங் ஊர் வீட்டிலும் அப்படியொரு ஒட்டுக் கொடி வளர்த்தார். கடைசியாகப் படுத்த படுக்கையிலும், வந்தவர்களிடம் கொடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்பதே பேச்சு.

அண்ணனின் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர், நண்பர், அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் நன்றி. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், அவர் நினைவாக ஆளுக்கொரு வாளி தண்ணீரைக் கொடிக்கு ஊற்றினீர்கள். அந்த அன்புக்கும் நன்றி. கொடி கூரைவரை இலையாக நிற்கிறது. ஓராண்டுப் படையலுக்கு ஒரு பழம் இல்லை.

வாழைப்பழம் போதும் என்றார் அண்ணி. எனக்குப் பொறுக்கவில்லை, புலம்பினேன்.

"விடும்மா. அன்னிக்கே அவரு வாழப்பழத்தோட வந்திருந்தாலும் நான் கட்டியிருப்பேன். வந்த மாப்பிள்ளைங்களையெல்லாம் வேணாம்னு அழுது தள்ளிவிட்டதே நான்தான்."

"இத அண்ணன்கிட்ட ஒரு தடவகூட சொல்லலையா அண்ணி?"

"கொடியப் பத்திப் பேசுறத அவரு எப்ப நிறுத்துனாரு, நான் சொல்றதுக்கு?"