அத்தான் நேராக்கிய அம்புகள்

என் அக்கா புருஷனைப் போன்ற ஆட்கள் தில்லியில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். அமைச்சகத்தில் ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்துவிட்டு, தாளில் ஒன்று சரியாக இருந்தால் உலகத்திலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று மனமார நம்புகிறவர்கள். அத்தான் ஓய்வு பெற்றதும் ஒரு கேரவன் வாங்கினார். பஸ்ஸின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய பெரிய வண்டி. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவால் ரயிலின் குறுகிய பெர்த்தில் புரளவோ விமானத்தில் நெடுநேரம் உட்காரவோ முடியவில்லை. பெங்களூரில் மகளுக்குக் குழந்தை பிறந்து, அக்கா அந்தப் பேத்தியை இன்னும் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்தபடியே போய்ச் சேரலாம் என்பது யோசனை. நல்ல யோசனைதான், இவர் கையில் வந்து மாட்டியிருக்க வேண்டாம்.

வண்டியை எனக்குச் சுற்றிக் காட்டினார். சோபா, பிரிட்ஜ், சுவருக்குள்ளிருந்து எழுந்து வரும் டிவி, படிக்கட்டுக்கு அடியில் நீல விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிமோட், ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு பிரசங்கம்.

"ஸ்டெப்னி எங்க இருக்கு அத்தான்?" என்றேன்.

"அதெல்லாம் டிரைவர் பாத்துக்கிடுவான்."

டிரைவர் என்று ஒருவரும் கிடையாது. இவரேதான் ஓட்டப்போகிறார். அதற்கு லைசென்சும் வாங்கியிருந்தார், எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

நான் பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வண்டி வெளியே போகுமுன் சக்கரங்களைப் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. அதை ஓர் உத்தியோகம் என்று அத்தான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. விருந்தாளிகளிடம் "கொழுந்தியா டிரான்ஸ்போர்ட்ல இருந்தா" என்று மட்டும் சொல்வார், ஏதோ நான் டிக்கெட் கிழித்தவள் போல.

கரோல் பாக் சந்தையில் எவனோ சொன்னான் என்று சக்கரங்களைக் கழற்றி, ரிம்முக்கெல்லாம் வெள்ளி நிறத்தில் தடிமனாகப் பெயிண்ட் அடித்து மாட்டிக்கொண்டு வந்தார். நட்டுகளை நான்தான் மறுபடி இறுக்கினேன். அதற்கென்று ஒரு நீளமான டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறேன். வேண்டிய அளவு இறுக்கம் வந்ததும் டிக்கென்று சத்தம் கொடுக்கும். பிறகு ஒவ்வொரு நட்டின் தலையிலும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் அம்பை மாட்டினேன். பக்கத்துப் பக்கத்து நட்டுகளின் அம்புகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். நட்டு தளர்ந்து திரும்பினால் அம்பும் கூடவே திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற விஷயம், ஆகவே அத்தானுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

"புது பெயிண்ட் அழுந்தும், நட்டு தளரும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு என்னக் கூப்பிடுங்க. மறுபடி இறுக்கணும்."

"அரே, இறுக்குனா இறுக்குனதுதான? நீ எதையும் பெருசாக்குவம்மா."

அடுத்த வாரம் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு பரோட்டா தின்ன முர்த்தல் வரை போய்விட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஜெபம், மறுநாள் காலை பெங்களூர் பயணம் என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு மட்டும் வந்தது. ரெஞ்சைக் காரில் போட்டுக்கொண்டு போனேன்.

போதகர் வந்திருந்தார், சமோசாவும் வந்திருந்தது. சபையார் வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சக்கரத்தைப் பார்த்தேன். அம்புகள் ஒன்றுவிடாமல் வானத்தைப் பார்த்து நின்றன. எது தளர்ந்தது, எது தளரவில்லை என்று இனி பார்த்துச் சொல்ல முடியாது.

"யாரு இதத் தொட்டது?"

"நாந்தான்," என்றார் அத்தான் பெருமையாக. "ஒண்ணு அங்க பாக்கு, ஒண்ணு இங்க பாக்கு. போட்டோல அசிங்கமா இருக்கும்லா? எல்லாத்தயும் நேராக்கிட்டேன்."

பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து ரெஞ்சை மாட்டினேன். "சிஸ்டர், ஜெபத்த முடிச்சுட்டு..." என்று போதகர் இழுத்தார். ஆண்டவர் காத்திருப்பார், நட்டு காத்திருக்காது என்றேன். பின்சக்கரத்தில் முதல் நட்டு டிக் என்று சொல்வதற்குள் பாதிச் சுற்று சுற்றிவிட்டது. அடுத்ததும் அப்படியே. அதன் பிறகு நான் வாயை மூடவில்லை. மந்திரிக்கே குறிப்பு எழுதிய மூளை இதுதானா, அங்கேயும் கணக்கு உதைத்தால் எண்ணைத்தான் திருத்தினீர்களா என்று சபையார் முன்னாலேயே கேட்டேன். அத்தான் முகம் செத்துப்போய் சமோசாத் தட்டுப் பக்கம் ஒதுங்கினார். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

வண்டிக்குள் அக்கா படுத்திருந்தாள். "நாளைக்கு நீ போகவேண்டாம்," என்றேன்.

"ஏட்டி, போட்டோவும் இல்ல ஒண்ணும் இல்ல. முர்த்தல்ல இறங்கும்போதே அம்பு திரும்பியிருக்கத அவுக பாத்துட்டாக. ஒங்கிட்டச் சொன்னா நீ நாலு பேர் முன்னால வச்சுக் கிழிப்பியேன்னு நேராக்கி வச்சுட்டாக. காலையில வழியில டயர்க்கடைக்காரங்கிட்டக் குடுத்து இறுக்கிக்கிடலாம்னு நெனச்சாக."

"அதுக்குள்ள சக்கரம் கழண்டுட்டா?"

"நீ பேசுத பேச்சுக்கு ஒங்கிட்ட யாருட்டி உண்மையச் சொல்லுவா?"

கீழே இறங்கி எல்லாச் சக்கரங்களையும் முடித்தேன். நல்லவேளை, துளையோ போல்ட்டோ தேயவில்லை, வண்டி போகலாம். ஆனால் வழியில் பார்க்க வேண்டும், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அங்கே பார்ப்பதற்கு இந்த மனுஷனைத் தவிர வேறு நாதியில்லை. அக்காவின் உயிர் இவர் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதில் தொங்குகிறது என்று நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

ரெஞ்சை அவர் கையில் கொடுத்தேன். "நிறுத்துற இடத்துல எல்லாம் அம்பப் படம் எடுத்து அனுப்புங்க. திரும்பியிருந்தா அப்படியே எடுங்க, தொடாதீங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நிஜமாவா?" என்றார், கடைக்கண்ணால் அக்காவைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் மத்தியானம் குவாலியரைத் தாண்டி ஒரு தாபாவிலிருந்து படம் வந்தது. பாதிப் படம் அவருடைய கட்டைவிரல். மீதியில் ஓர் அம்பு லேசாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. கீழே, "இது திரும்பியிருக்கு. நான் தொடல" என்று எழுதியிருந்தார்.

விறுவிறுவென்று ஒரு வரி தட்டினேன். அவர் கட்டைவிரலில் தொடங்கி அவர் வாங்கிய லைசென்ஸ் வரை அதற்குள் எல்லாம் இருந்தது. அனுப்பப் போகும் நேரத்தில் அக்கா அந்த வண்டிக்குள் படுத்திருப்பது ஞாபகம் வந்தது. அழித்துவிட்டு, "நல்லதாச்சு அத்தான், சொன்னீங்க. டிக் கேக்குற வரைக்கும் இறுக்குங்க. இறுக்கினதும் இன்னொரு படம்" என்று அனுப்பினேன்.

அழித்த வரி ரொம்ப நன்றாக வந்திருந்தது. அக்கா நல்லபடியாகத் திரும்பி வரட்டும், நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.