இரண்டாவது சாவி

எங்கள் வீட்டில் அப்பாவின் பைக்குக்கும் காப்பீடு உண்டு. அது போலீஸ்காரர் வழிமறித்தால் காட்டுவதற்கு. சித்தப்பா மகளின் ஸ்கூட்டிக்கு இருந்தது வேறு வகை என்பதை, வட்டக்கோட்டையில் அது திருடு போன மாலையில்தான் அறிந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே வயது, ஒரே கல்லூரி. அவள் ஓட்டுவாள், நான் பின்னால் அமர்வேன். அன்று கோட்டை மதிலில் நின்று கடலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, வண்டி நிறுத்திய இடம் காலியாக இருந்தது. இருக்கைக்கு அடியிலிருந்த பெட்டியில் என் சிறிய மடிக்கணினியைப் பையோடு சாய்த்து வைத்திருந்தேன். என் முதுகலை ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அதில் இருந்தன. அவற்றின் நகல் இருந்த பென்டிரைவும் அதே பைக்குள்தான்.

அவள் அழுதபடியே வளைகுடாவிலிருக்கும் சித்தப்பாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது.

“மக்கா, அழாத. ஃபுல் இன்சூரன்ஸ்தான் போட்டிருக்கேன். மொதல்ல ஸ்டேஷன்ல எழுதிக் குடு. பெறவு ஏஜென்ட விளிச்சுச் சொல்லு.”

அவள் அழுகை அத்துடன் நின்றது. இழந்ததைத் திருப்பித் தர ஏற்கெனவே ஒருவர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார் என்றால், அழுகை எவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடுகிறது.

மறுநாள் அவர்கள் வீட்டில் பாலிசியை என்னிடம் நீட்டினாள். “இலக்கியம் படிக்கவ நீதான. ஒரு வரி விடாம வாசிச்சுச் சொல்லுட்டி.”

முதலில் அவளுக்காக வாசித்தேன். அப்பாவுடையது போன்ற தேர்டு பார்ட்டி பாலிசி, நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கு மட்டுமே பொறுப்பேற்கும். வண்டியே களவு போனால் அதற்கு எதுவும் இல்லை. அவளுடையதில் திருட்டும் சேர்ந்திருந்தது. பிறகு எனக்காக வாசித்தேன். வண்டிக்கும் அதில் பொருத்திய பாகங்களுக்கும் உண்டு. உள்ளே வைத்த பொருளுக்கு இல்லை. அவர்கள் வீட்டுக்கும் தனியாக ஒரு காப்பீடு இருந்தது. அதையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பூட்டை உடைத்து வீட்டுக்குள் திருடினால், அக்குடும்பத்தின் உடைமைகளுக்கு அது பொருந்தும். என் கணினி அந்த வீட்டுக்குள் இருந்ததுமில்லை. நான் அந்தக் குடும்பமுமில்லை.

“எனக்குக் கிடைக்கும்லா?” என்றாள்.

“ஒனக்குக் கிடைக்கும்.”

மாலையில் ஏஜென்ட் வந்தார். “ரெண்டு சாவியும் வேணும்மா. ஒண்ணு கொறஞ்சாலும், வண்டியிலயே விட்டுட்டுப் போனியளான்னு கம்பெனி கேக்கும், பைசா தராது.”

இரண்டாவது சாவி என்னிடம் இருந்தது. வண்டி வாங்கிய அன்று, “ஒனக்கும்தான் வண்டி” என்று அவளே தந்தது. நான் ஒருநாளும் தனியாக ஓட்டியதில்லை. ஆனாலும் அதை எங்கள் வீட்டுச் சாவியோடு கோத்து, நூலக மேசையில் பிறர் கண்ணில் படும்படி வைப்பேன்.

“ஏட்டி, அது ஒங்கிட்டதான கெடக்கு? தொலச்சிருப்பியோன்னு பயந்தே போனேன்.”

“நான் எதயும் தொலைக்க மாட்டேன்.”

“பின்னே? லேப்டாப்பு தானா நடந்து போச்சு” என்று சிரித்தாள். ஏஜென்டும் சிரித்தார்.

சாவி என் கைக்குள் இருந்தது. இது இல்லையென்றால் இவளும் நானும் சமம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணம் இனிப்பாகவே இருந்தது. பிறகு நகம் வலிக்க வளையத்தை விரித்து, சாவியைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல் நிலையம் எழுதித் தரச் சில மாதங்கள் ஆயின. அதன்பின் அவளுக்குப் பணம் வந்தது. அதற்குள் நான் கல்லூரிக் கணினி அறையில் இரண்டு இயல்களையும் மறுபடி எழுதியிருந்தேன். முதல் இயல் ஏறக்குறைய திரும்பி வந்தது. இரண்டாவது வரவில்லை, அதன் இடத்தில் வேறொன்று இருக்கிறது.

புது வண்டியில் அவள் வாசலுக்கு வந்தாள். “ஏறு, முட்டத்துக்குப் போவோம். பைய உள்ள வையேன்.”

“மடியிலயே இருக்கட்டும்.”

புது வண்டிக்கும் இரண்டு சாவிகள் தந்திருப்பார்கள். மற்றது யாரிடம் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினாள். பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முட்டத்தின் கலங்கரை விளக்கம் தெரியும்வரை காத்திருந்தேன். நானாகக் கேட்கவில்லை.