ரோச் தண்டல் போட்ட தண்ணீர் லைன்

ரோச்சுக்கு பிளம்பர்களைக் கண்டாலே ஆகாது. முப்பத்தோரு வருடம் தோணியில் போனவர். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் தண்டல், அதாவது தோணிக்கே தலைவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு எத்தனை நடை போயிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. கடலையே பலகைக்கு வெளியே நிறுத்தி வைத்தவனுக்கு, அரை இஞ்சுக் குழாய்க்குள் தண்ணீரை நிறுத்தி வைக்க இன்னொருவன் வந்து சொல்லித்தர வேண்டுமா? இதுதான் அவர் கேள்வி. கேட்டால் நியாயம்போலத்தான் இருக்கும். அந்தப் பாழாய்ப்போன நியாயத்தால்தான் அந்த வீட்டில் இவ்வளவும் நடந்தது.

தோணியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத்திரியை எண்ணெயிலும் குங்கிலியத்திலும் தோய்த்து, உளியால் அடித்துத் திணிப்பார்கள். கலப்பத்து அடிப்பது என்று அதற்குப் பெயர். அடித்து முடித்துக் கடலில் இறக்கினால் முதல் நாள் தண்ணீர் கசியத்தான் செய்யும். யாரும் பதற மாட்டார்கள். பலகையும் பஞ்சும் ஊறி உப்பினால் இரண்டு மூன்று நாளில் கசிவு தானாக நின்றுவிடும். ரோச் இதே வைத்தியத்தைத் தன் வீட்டு இரும்புக் குழாய்களுக்கும் செய்து வந்தார். குழாயின் திருகு மரையில் பஞ்சுத்திரியைச் சுற்றுவார், குங்கிலியம் தடவுவார், ரிஞ்சைப் போட்டு முறுக்குவார். ஒழுகினால், "ஊறட்டும்" என்பார். ஊறும், நிற்கும். அவருடைய திமிர் இன்னும் கொஞ்சம் வளரும்.

மகள் அனுஜாவுக்குத் தலைப்பிரசவம். கட்டிக்கொடுத்தது கீழவைப்பாரில். ஏழாம் மாதமே தாய்வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும். ஆனால் ரோச் வீட்டில் குளியலறை கொல்லைக் கடைசியில் இருந்தது, பாசி பிடித்த நான்கு படி இறங்கிப் போக வேண்டும். "வயித்துப்பிள்ளக்காரி அங்கன இறங்கிப் போவாளாக்கும்? வீட்டுக்குள்ள பாத்ரூம் கட்டிட்டுக் கூப்பிடுங்க, அனுப்புதோம்" என்று சம்பந்தியம்மா போனிலேயே முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு ரோச்சுக்குச் சுருக்கென்று தைத்தது. மகள் தன் வீட்டில்தான் பிள்ளை பெற வேண்டும். இல்லையென்றால் கோயில் வாசலில் நான்கு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? அடுத்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு, படுக்கையறையை ஒட்டிக் குளியலறை எழுப்பினார். சுடுதண்ணீருக்கு ஹீட்டரும் வாங்கினார். குழாய் வேலை மட்டும் தன்னுடையது என்றார்.

மனைவி ஆக்னஸ் அன்றைக்கே முட்டிக்கொண்டாள். "இரும்புக் குழாய் இந்தப் போர்த் தண்ணி உப்புக்கு அஞ்சு வருசம் தாங்கல. துருத் தண்ணிலயா பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுவீங்க? பிளாஸ்டிக் போடுங்க, பிளம்பர் மாரிச்செல்வத்தக் கூப்பிடுங்க."

பிளாஸ்டிக்குக்கு மனமில்லாமல் தலையாட்டினார். மாரிச்செல்வத்துக்கு ஆட்டவில்லை.

ஹார்டுவேர் கடை ஞானதீபம் அண்ணாச்சி பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். "சுடுதண்ணிக்கு இந்த சி.பி.வி.சி. பைப்தான் தண்டல். வெள்ளைப் பைப் எடுத்திராதீங்க, சூட்டுல வளைஞ்சிரும். ஹீட்டர்ல சேருத இடத்துக்குப் பித்தளை மரை வச்ச எல்போ வாங்குங்க. மரையில டெஃப்லான் டேப் மட்டும் சுத்துங்க. கையால முறுக்கி, ரிஞ்சுல ஒரு சுத்து. அதுக்கு மேல வேண்டாம். ஹீட்டருக்கு முன்னால ஒரு வால்வும் போட்டுருங்க."

"ஒமக்கு யாவாரம் ஆகணும், அதானே? வால்வு, பித்தளைன்னு என் தலையில கட்டப் பாக்கீரு."

"எடுக்காட்டி போங்க. எனக்கென்ன வந்துச்சு?" அண்ணாச்சி அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார். ரோச் பைப்பை மட்டும் அவர் சொன்னபடி வாங்கினார். குழாய் திரும்புகிற இடத்தில் மாட்டும் எல்போ முழுப் பிளாஸ்டிக். வால்வு கிடையாது. ஞானதீபம் சொன்னதற்காகவே அதை வாங்கவில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அவர் அப்படிப்பட்டவர்தான்.

அவருக்குத் தெரியாமல் ஆக்னஸ் மாரிச்செல்வத்தை வரச் சொல்லியிருந்தாள். அவன் வந்தபோது ரோச் எல்போ மரையில் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பிளாஸ்டிக் மரையில பஞ்சு வைக்காதீங்க. இரும்பு தாங்கும். இது பஞ்சு உப்புனா வாயப் பொளந்துரும்" என்றான் மாரிச்செல்வம். அக்கறையாகத்தான் சொன்னான்.

"ஏலே, நீ பொறக்குததுக்கு முன்னாலயே நான் கலப்பத்து அடிச்சவன். களவாணிப் பயலே, வேலை பிடிக்க வழி பாக்கியா?" கீழே இருந்த அவன் கருவிப் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தார். ஸ்பேனரும் திருப்புளியும் நாலாபக்கமும் சிதறின. எதிர்வீட்டுத் தங்கத்தாய் வேலை மெனக்கெட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். மாரிச்செல்வம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனான்.

பூட்டிய அன்று எல்போ சொட்டியது. "ஊறட்டும்" என்றார் ரோச். மூன்றாம் நாள் நின்றது. அவர் ஆக்னஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். "பாத்துக்கிட்டியா, ஏளா? எவனோ பொளக்கும்னானே, எங்க?" அவள் கையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவருக்கோ கால் தரையில் பாவவில்லை. கீழவைப்பாருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரச் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து, மருமகன் ரெக்சன் காரில் எல்லாரும் வந்து இறங்கினார்கள். ஒன்பதாம் மாதம், அனுஜா மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே புதுக் குளியலறைக்குப் போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்து, ஹீட்டரைப் போட்டு, சூடு ஏறியதும் குழாயைத் திறந்தாள். உள்ளே ஊறிப் புடைத்துக்கொண்டிருந்த பஞ்சுக்குச் சூடும் சேர்ந்ததும், எல்போ நெடுக வெடித்தது. கொதிதண்ணீர் சம்பந்தியம்மாவின் வலது பாதத்தில் கொட்டியது. அவள் போட்ட சத்தத்தில் தங்கத்தாய் மறுபடியும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வால்வ மூடுங்க மாமா!" என்று கத்தினான் ரெக்சன்.

வால்வு எங்கே இருக்கிறது மூட? தண்ணீரை நிறுத்த மொட்டைமாடித் தொட்டிக்குத்தான் ஓட வேண்டும். அறுபத்து மூன்று வயதில் ரோச் படியேறி, துருப்பிடித்து இறுகிப்போன கேட்வால்வோடு மல்லுக்கட்டி, அதைத் திருப்புவதற்குள் பாதித் தொட்டி வீட்டுக்குள் இறங்கியிருந்தது. திரும்பி வந்தபோது கூடத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. அனுஜா சுவரைப் பிடித்தபடி, வழுக்கிவிடுவோமோ என்ற பயத்தில் அடி எடுத்து வைக்காமல் நின்றாள். ரெக்சன் அவளைத் தாங்கிப் பிடித்துக் காருக்கு நடத்தினான்.

"என் காலு போனாப் போகுது. அந்த இடத்துல அனுஜா நின்னிருந்தான்னா?" சம்பந்தியம்மா வெந்த காலைத் தூக்கிக்கொண்டு கேட்டாள். "இந்த வீட்டுல என் பேரப்புள்ள பொறக்காது."

"மட்டமான எல்போ. அந்த ஞானதீபம் ஏமாத்திட்டான்" என்றார் ரோச்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அனுஜா கார் கதவைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அழுகை இல்லை, வெறுப்புத்தான் இருந்தது. "நான் வாரேம்பா" என்று மட்டும் சொன்னாள். ஆக்னஸ் உள்ளே போய் நான்கு சேலையைப் பையில் அடைத்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் ஏறினாள். "தலைப்பிரசவத்த சம்பந்தி வீட்டுல போய்ப் பாக்க வச்சிட்டீங்க. இனி இந்த வீட்டையும் குழாயையும் நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க." கார் போய்விட்டது.

வெடித்த எல்போவைக் கழற்றிப் பார்த்தபோதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பஞ்சு இருமடங்கு உப்பியிருந்தது. புரிந்தும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. புது எல்போ வாங்கி, பஞ்சைக் குறைத்து வைத்தார். ஒழுகியது. இன்னும் ஒன்று வாங்கி இறுக்கினார். விரிசல் விட்டது. இப்படியே பதினாறு நாள் போனது. போன் போட்டால் ஆக்னஸ் எடுப்பதில்லை. ரெக்சனுக்குப் போட்டால், "நல்லா இருக்கா" என்று சொல்லி வைத்துவிடுவான்.

பதினேழாம் நாள் காலையில் மாரிச்செல்வம் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்ன வேணும்?" உள்ளே இருந்தபடியே கேட்டான்.

"ஹீட்டர் லைன் ஒழுகுது. வந்து பாருலே."

"அன்னைக்கு என்ன சொல்லித் தொரத்துனீங்க? அதச் சொல்லுங்க."

ரோச்சுக்கு முகம் சிவந்தது. "களவாணின்னேன்."

"சத்தமாச் சொல்லுங்க, எங்க வீட்டுல கேக்கட்டும்."

சொன்னார். மாரிச்செல்வம் கருவிப் பையை வெளியே கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான். "தூக்கிட்டு வாங்க." இரண்டு தெரு, மீன் சந்தை முக்கு, கோயில் வாசல் என்று அத்தனையும் தாண்டி ரோச் தண்டல் பையைச் சுமந்தார். மாரிச்செல்வம் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வந்து பித்தளை மரை எல்போவை மாட்டினான். டேப்பைச் சுற்றினான், கையால் முறுக்கினான், ரிஞ்சில் ஒரே ஒரு சுற்று. முன்னால் ஒரு வால்வு வைத்தான். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, காய்ந்த துணியால் மூட்டைத் துடைத்துக் காட்டினான். ஒரு பொட்டு ஈரமில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் ரோச்.

"இவ்வளவுதான்."

அவன் போனதும் ரோச் கூடத்தைப் பெருக்கினார். அனுஜாவின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ஆக்னஸுக்குப் போன் போட்டார். அதிசயமாக முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏளா, எல்லாம் சரியாயிட்டு. ஒரு சொட்டு ஒழுகல. மாரிச்செல்வந்தான் செஞ்சான், போதுமா? கார் பிடிச்சு நானே வாரேன், அனுஜாவ இன்னைக்கே கூட்டிட்டு வந்துருவோம்."

மறுமுனையில் யாரோ சிரிக்கும் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"முந்தாநாள் பெத்துட்டா. பொம்பளப்புள்ள" என்றாள் ஆக்னஸ். "உங்ககிட்ட நாந்தான் சொல்லுவேன்னு மாப்பிள்ள நெனச்சிருக்காரு. அவரு சொல்லியிருப்பாருன்னு நான் நெனச்சேன்."